தையலுக்கு முன்னும் தையலுக்குப் பின்னும்

தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்கள், அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர்கள், செவிலியர் கண்காணிப்பாளர்கள் ஆகியோருக்கும் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

நான் 34 ஆண்டுகளாகத் துணி தைத்துப் பிழைப்பவன். மலக்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, ஐந்து வாரங்களில் 25 முறை கதிர்வீச்சு பெற்று, பிறகு நம் மாநிலத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். நோயுற்ற பகுதியை வெட்டியெடுத்து, மிஞ்சிய குடலைக் கீழே இறக்கி ஆசனவாய்க்கு அருகில் இணைத்து, அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அவ்வழியே இறங்காதிருப்பதற்காகச் சிறுகுடலின் வளைவொன்றை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். மலம் வெளியேறுவதற்காக வயிற்றில் அமைத்த அந்தக் குடலின் வாய் மூன்று மாதம் கழித்து மூடப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் இத்தனைக்கும் என் கடையை விற்றிருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் நின்றபடி என் வயிற்றுக்குள் வேலை செய்தவர்களின் கைத்திறனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தையல் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் அளவுக்கு எனக்கும் அந்தத் தொழிலில் கொஞ்சம் பழக்கம் உண்டு. நான் பேச வருவது அந்த ஐந்து மணி நேரத்துக்கு முந்தைய சில வாரங்களையும் பிந்தைய பல மாதங்களையும் பற்றியது. அந்தக் காலம் முழுவதும் வேலை நோயாளியுடையது, அவர் வீட்டாருடையது. அந்த வேலையை எங்களுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் நியமிக்கப்படவில்லை.

அறுவைக்கு முன்பு எனக்குச் சொல்லப்பட்டவை நான்கே செய்திகள்: எந்தத் தேதியில் சேர வேண்டும், எத்தனை பேர் இரத்தம் கொடுக்க வேண்டும், எங்கே கையெழுத்திட வேண்டும், நள்ளிரவு 12 மணிக்குமேல் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. கதிர்வீச்சு முடிந்து அறுவைக்காகக் காத்திருந்த எட்டு வாரமும் நான் செய்வதற்கு எவ்வளவோ இருந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பீடியை நான்கு வாரத்துக்கு முன்பே விட்டிருந்தால் நெஞ்சில் சளி கட்டியிருக்காது, காயமும் விரைவில் ஆறியிருக்கும். இரத்தசோகை இருந்தது, அந்த இடைவெளியில் இரும்புச்சத்து ஊசி போட்டிருந்தால் இரத்தம் ஏற்றுவதைத் தவிர்த்திருக்கலாம். மூன்று பந்துகள் உள்ள அந்த மூச்சுப்பயிற்சிக் கருவியை அறுவைக்கு மறுநாள், வயிற்றில் ஒரு சாண் தையலோடு இருக்கையில் முதன்முதலாகக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். வலியில்லாதபோது பழகியிருக்க வேண்டிய வித்தை அது.

குடலைச் சுத்தம் செய்த மாலையை என் வார்டில் இருந்த எவரும் மறக்க மாட்டார்கள். ஒரு பொட்டலத் தூளை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு தம்ளர் வீதம் குடிக்கச் சொன்னார்கள். குமட்டும், குளிர்நடுக்கம் எடுக்கும், இரவு முழுவதும் ஓட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மனத்தளவிலாவது தயாராகியிருப்போம். மறுநாள் பட்டியலில் இருந்தவர்கள் மூவர், கழிப்பறையில் தாழ்ப்பாள் விழும் கதவு ஒன்று. எனக்கு எதிர்ப்படுக்கையில் இருந்த பெரியவர் சர்க்கரை நோயாளி. சாப்பாடு இல்லாத அந்த நாளில் வழக்கமான சர்க்கரை மாத்திரையை விழுங்க வேண்டுமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லாததால், மறக்காமல் விழுங்கிவிட்டு நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி விழுந்தார். அவர் மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்கண்டு அன்றைக்கு உதவியது.

தண்ணீர்கூடக் கூடாது என்ற விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீர், பாலில்லாத தேநீர் போன்ற தெளிந்த திரவங்களுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி போதும் என்பதே இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதல். வயிறு காலியாவதில் கோளாறு உள்ளவர்கள் மட்டுமே இதற்கு விலக்கு. மயக்க மருத்துவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள். ஆனாலும் வார்டில் இன்றும் நள்ளிரவுதான் கணக்கு. என் பெயர் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது, மேசைக்குப் போனபோது பிற்பகல் மணி இரண்டு. முந்தின மாலையிலிருந்து வயிற்றுப்போக்கில் நீர் இழந்த உடம்பு, அதற்குமேல் பதினான்கு மணி நேரம் நாக்கு உலர்ந்து கிடந்தது. காலையில் ஒருவர் வார்டுக்குத் தொலைபேசி செய்து, மூன்றாம் பெயருக்கு 11 மணிவரை தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

இவையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களிலேயே, பட்டினியைக் குறைத்து, வலியை முறையாக அடக்கி, குழாய்களைச் சீக்கிரம் எடுத்து, மறுநாளே உணவும் நடையும் தொடங்கினால் குடல் அறுவை செய்துகொண்டவர்கள் சில நாட்களிலேயே வீடு திரும்ப முடியும் என்று காட்டினார். 2001இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் கூடி இதை ஒரு முறையாகத் தொகுக்கத் தொடங்கினார்கள். உங்கள் மருத்துவக் கல்லூரிகளிலும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் இதைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அந்த முறையின் முதல் படி மருந்தோ கருவியோ அன்று. அறுவைக்கு முன்பு நோயாளியை உட்காரவைத்து, என்ன நடக்கப்போகிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் மொழியில் சொல்வது. செலவே இல்லாத அந்தப் படியைத்தான் நம் மருத்துவமனைகள் தாண்டிச் செல்கின்றன.

இனி, எனக்கு மிகவும் வலித்த செய்திக்கு வருகிறேன். வயிற்றில் குடலின் வாயை எங்கே வைப்பது என்பதை நான் மயக்கத்தில் கிடக்கும்போது தீர்மானித்தார்கள். படுத்திருக்கும் வயிறு வேறு, உட்கார்ந்திருக்கும் வயிறு வேறு. அளவெடுக்கும் எந்தத் தையற்காரனும் ஆளைப் படுக்கவைத்து இடுப்பளவு எடுக்க மாட்டான். எனக்கு அமைந்த இடம் சரியாக நான் வேட்டி கட்டும் இடம். தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்தால் வயிற்றில் மடிப்பு விழும் இடமும் அதுவே. பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுத் தகடு, மடிப்பில் ஒட்டியதால், மூன்று நாள் தாங்க வேண்டியது ஒரே நாளில் கழன்றது. சிறுகுடலிலிருந்து வருவது கஞ்சிபோல் இளகியது, செரிமான நீர் கலந்தது. தோலில் பட்டால் வெந்நீர் கொட்டியதுபோல் புண்ணாக்கும். அந்த மூன்று மாதத்தில் நான் அழுத இரவுகள் அறுவைக் காயத்துக்காக அல்ல, பையைச் சுற்றி வெந்துபோன அந்த நான்கு விரற்கடைத் தோலுக்காக.

அறுவைக்கு முந்தின நாள் நோயாளியைப் படுக்க, உட்கார, நிற்க, குனியச் சொல்லிப் பார்த்து, தொப்புள், இடுப்பெலும்பு, பழைய தழும்பு, தோல் மடிப்பு, ஆடை கட்டும் வரி ஆகியவற்றை விலக்கி, அவர் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து மையால் ஒரு புள்ளி வைப்பது உலகெங்கும் இருக்கும் வழக்கம். கால் மணி நேர வேலை. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரே செய்துவிடலாம். வேட்டியையும் லுங்கியையும் எங்கே கட்டுகிறார், பெண்களுக்குப் பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்பவரா, வயலில் குனிபவரா என்று கேட்க வேண்டும். மேல்நாட்டு நூல்களில் பெல்ட் என்று எழுதியிருப்பதை நாம் நாடா என்று வாசிக்க வேண்டும், வேறுபாடு அவ்வளவே. எங்கள் வார்டில் ஓர் அம்மாவுக்கு நாடா கட்டும் வரியிலேயே வாய் அமைந்துவிட்டது. சேலையைத் தவிர வேறெதையும் உடுத்தியறியாத அவர், 60 வயதுக்குமேல் நைட்டிக்கு மாறி, அந்த வெட்கத்தில் வாசலுக்கே வருவதில்லை என்று அவர் மகள் சொன்னார்.

அறுவைக்குப் பிந்தைய வார்டு நாட்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மறுநாளே நடக்க வைத்த செவிலியர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்களைத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆனால் உணவைப் பற்றி மருத்துவர் ஒன்று சொல்ல, வார்டுக்கு வந்து போகும் உறவினர் நூறு சொல்கிறார்கள். முட்டை, மீன், தயிர் எல்லாம் தையலில் சீழ் வைக்கும் என்று பத்தியம் காத்து, வெறும் ரொட்டியும் கஞ்சியுமாக என் மனைவி எனக்கு ஒரு மாதம் ஊட்டினாள். வெட்டித் தைத்த சதை கூடுவதற்குப் புரதம்தான் வேண்டும் என்று அவளிடம் யாரேனும் ஒருவர் அதிகாரத்தோடு சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். அன்பினால் செய்த பட்டினியில் நான் ஆறு கிலோ இழந்தேன்.

வீடு திரும்பும் நாளில் ஒரு தாள் கொடுத்தீர்கள். அதில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளும், ஏழு நாள் மாத்திரைகளும், மறுபடி வர வேண்டிய தேதியும் இருந்தன. காய்ச்சல், நாடித் துடிப்பு வேகம், வயிறு உப்புதல், அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை உள்ளே இணைப்பில் கசிவு ஏற்பட்டதற்கு அறிகுறியாக இருக்கலாம், அப்படி இருந்தால் தேதி பார்க்காமல் வர வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம் என்ற வரி இல்லை. வயிற்றில் உள்ள குடலின் வாய் சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம்போல் இருக்க வேண்டும், கறுத்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதும் இல்லை. கனம் தூக்கக்கூடாது என்று வாயால் சொன்னார்கள். எது கனம்? எங்கள் வீட்டில் ஒரு குடம் தண்ணீரைக் கனம் என்று யாரும் நினைப்பதில்லை. எரிவாயு சிலிண்டரில் வாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையோடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. ஆறு வாரத்துக்குக் குடமும் கூடாது, சிலிண்டரும் கூடாது, பேரக்குழந்தையும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் பை நிரம்பிக்கொண்டே இருந்தது. பத்து முறைக்குமேல் கொட்டினோம். தாகம் தாங்கவில்லை. தண்ணீர் குடித்தேன், இளநீர் குடித்தேன், குடித்ததெல்லாம் பைக்கு வந்தது. இரண்டாம் நாள் கெண்டைக்கால் இழுத்தது, சிறுநீர் நின்றது. மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. நான்கு நாள் குளுக்கோஸும் உப்புநீரும் ஏறிய பிறகே எழுந்தேன். உடம்புக்குத் தேவையான நீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சிக்கொள்வது பெருங்குடல். சிறுகுடலிலேயே வாய் வைக்கப்பட்டவருக்கு அந்த வேலை நடப்பதில்லை. வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் அது உடம்பின் உப்பையும் சேர்த்து வெளியே இழுத்துப் போகிறது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் மிகக் குறைவு. ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குமேல் பையில் சேர்ந்தால் அது ஆபத்து. வெறும் தண்ணீரைக் குறைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சோற்றில் உப்பு கூட்ட வேண்டும். மருத்துவரைக் கேட்டுப் போக்கைக் குறைக்கும் மாத்திரையை உணவுக்கு முன் எடுக்க வேண்டும். இவ்வகை அறுவை செய்துகொண்டவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதற்கு முதன்மையான காரணங்களுள் இந்த நீரிழப்பும் ஒன்று என்று அப்போது பணியிலிருந்த இளம் மருத்துவர் சொன்னார். அவ்வளவு தெரிந்த ஆபத்தென்றால், அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையையும் இந்த நான்கு வாக்கியங்களையும் முதல் முறை வீட்டுக்கு அனுப்பும்போதே கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். அவர் தவறு அது அல்ல.

பையைப் பற்றி. அறுவைக்குப் பிந்தைய ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து அந்த வாய் சுருங்குகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் தகட்டில் துளை வெட்ட வேண்டும். எனக்கு அளவுநாடா பழக்கம், அட்டையில் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டேன். கத்தரிக்கோல் பிடித்தறியாதவர் என்ன செய்வார்? முதல் நாள் வெட்டிய அளவையே மூன்று மாதமும் வெட்டி, இடைவெளியில் தெரியும் தோல் புண்ணாகிக் கிடப்பவர்களைப் புறநோயாளிப் பிரிவில் பார்த்தேன். பைகள் பெரிய நகரத்து மருத்துவமனைகளின் எதிரே உள்ள கடைகளில்தான் கிடைக்கின்றன. தகடும் பையும் பசையும் வாங்க என் வருமானத்தில் மாதம் ஒரு வாரக் கூலி போயிற்று. வாங்க முடியாத ஒருவர் பாலித்தீன் உறையை நூலால் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வருகின்றன. ஆகவே, பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதே ஊழியரின் தோள்பையில் எங்கள் பைகளும் இடம்பெற வேண்டும் என்பதே கோரிக்கை. வருகிறவர் தோலைப் பார்த்து, பையில் சேரும் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் என்னைப்போல் சிறுநீரகம் கெட்டுத் திரும்புபவர்கள் குறைவார்கள். 104 உதவி எண்ணில் பேசுபவர்களுக்கும் இதைப் பற்றிச் சிறிது பயிற்சி கொடுங்கள். நான் அழைத்தபோது வயிற்றுப்போக்கா என்று கேட்டார்கள், அதற்கு ஆம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கே தெரியவில்லை.

வாய் மூடப்பட்டதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். அப்படித்தான் நம்பவைக்கப்பட்டேன். மூடிய பிறகு நாளுக்குப் பதினைந்து முறை கழிப்பறைக்குப் போனேன். ஒரு முறை போய் வந்து கால் கழுவுவதற்குள் அடுத்தது. அடக்க முடியவில்லை. புற்று திரும்பிவிட்டது என்றே முடிவு செய்து, வீட்டில் சொல்லாமல் கடைக் கணக்கை எல்லாம் எழுதி வைத்தேன். மலத்தைத் தேக்கிவைக்கும் மலக்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும், இதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு, ஓராண்டு ஈராண்டில் பெரும்பாலும் படிப்படியாகத் தணியும், இசப்கோலும் போக்கைக் குறைக்கும் மாத்திரையும் இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சியும் உதவும் என்பதையெல்லாம் ஐந்தாம் மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஐந்து மாதத்தில் இரண்டு திருமணங்களுக்கும் ஒரு சாவுக்கும் நான் போகவில்லை. பேருந்தில் ஏறுவதையே நிறுத்தியிருந்தேன்.

இன்னொன்றையும் நீங்களாகவே பேச வேண்டும். இடுப்புக்குழியில் செய்யும் அறுவையில் சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் ஆளும் நரம்புகள் அருகிலேயே ஓடுகின்றன. அவை பாதிக்கப்படலாம் என்று கையெழுத்து வாங்கிய தாளில் ஆங்கிலத்தில் இருந்ததாம். நாங்கள் கேட்க மாட்டோம். கேட்க முடியாதவர்களிடம் சொல்லாமல் விடுவது எங்களுக்குச் செய்யும் மரியாதை அன்று.

நான் கேட்பது பெரிய கட்டடம் எதையும் அன்று. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும், குடல் அறுவைக்குப் பெயர் எழுதப்பட்ட நாளிலிருந்து வாய் மூடி ஆறு மாதம்வரை நோயாளிக்குப் பொறுப்பான, பை பற்றிய பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை அமர்த்துங்கள். அந்தப் பணியிலிருந்து அவரை வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள். மேலே சொன்னவற்றை எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் தமிழில், படங்களோடு, எட்டுப் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் எங்களைப் போன்ற நான்கு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இதை எழுதிவிட்டுச் சும்மா இருக்கவும் எனக்கு மனமில்லை. பையின் பாரம் தோலை இழுக்காமல் தாங்குவதற்கு நாடா வைத்த பருத்தி உறை ஒன்றை எனக்காகத் தைத்துக்கொண்டேன். பாவாடைக்குள் கட்டும் வகையில் பெண்களுக்கும் ஒன்று வெட்டினேன். மேலே குறிப்பிட்ட அந்த அம்மா இப்போது அதைக் கட்டிக்கொண்டு சேலை உடுத்துகிறார். ஓர் உறைக்கு முக்கால் மீட்டர் துணிகூடத் தேவைப்படாது. மாதிரி உறைகளையும் காகித வெட்டுகளையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் சொல்லும் நாளில் எந்த மருத்துவமனைக்கும் வந்து செவிலியர்களுக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் தைக்கக் கற்றுத்தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது, மற்ற நாளில் கடை திறக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வயிற்றில் இரண்டு தழும்புகளோடு மீண்டு வந்த ஒரு தையற்காரர்